எட்டாம் எண் சவ்வு

நூற்றுப் பதினாலு, நூற்றுப் பதினைந்து, ஓரத்தில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறதே அதை ஒன்று என்பதா இரண்டு என்பதா, கரு இரண்டு தெரிகிறது, அப்படியானால் இரண்டு, நூற்றுப் பதினேழு. கவுண்ட்டரை அமுக்கி அமுக்கிக் கட்டைவிரல் நகக்கண்ணெல்லாம் வலி. மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்தால் சுவரில் ஊதா, கையுறையில் ஊதா, காலையில் கேன்டீனில் டீ குடித்த டம்ளரின் விளிம்பில்கூட ஊதா இருந்தது, என் கையிலிருந்து ஒட்டியிருக்கும், அதையும் சேர்த்துத்தான் குடித்திருப்பேன், கருமம். ஆறு வருஷமாகப் பார்க்கிறேன், இந்த செல்களைப் பார்த்தால் இன்னமும் எனக்குக் குமட்டுகிறது. எதிர் மேசையில் இருக்கிற ஹசீனா சேர்ந்து நாலு மாசந்தான் ஆகிறது, அவளுக்கு எல்லாமே அழகு, "பூப் போட்ட சேலை மாதிரி இருக்குக்கா" என்கிறாள். எது பூ? பட்டினி போட்ட நோயை நான் சோறு காட்டி இழுத்துக்கொண்டு வந்த லட்சணம் இது. சுண்டு விரல் நுனி நுழைகிற மாதிரி ஒரு பிளாஸ்டிக் கிண்ணம், அதன் அடியில் சவ்வு, சவ்வு நிறையக் கண்ணுக்குத் தெரியாத துளைகள். சவ்வின் மேல் ஜெல் பூசி, அதில் புராஸ்டேட் புற்றுநோய் செல்களை விடுவோம், ஒரு நாள் சாப்பாடில்லாமல் போட்டு வைத்த செல்கள். கீழே வளர்ச்சிக் காரணி கலந்த திரவம். அந்த வாடை பட்டுவிட்டால் போதும், மேலே சுருண்டு கிடந்தது காலை நீட்டும், ஜெல்லைக் கரைக்கும், தன் உடம்பைவிடச் சின்னத் துளைக்குள் தன்னைத்தானே திணித்துக்கொண்டு பிதுங்கி அந்தப் பக்கம் வந்து ஒட்டிக்கொள்ளும். மறுநாள் மேல்பக்கத்தில் வராமல் தங்கிப்போனதைப் பட்ஸால் துடைத்தெடுத்துவிட்டு, அடிப்பக்கம் வந்து சேர்ந்ததற்குச் சாயம் ஏற்றி எண்ண வேண்டும். மொத்தம் ஒன்பது சவ்வு. முதல் மூன்றுக்குக் கீழே ஒன்றும் வைக்கவில்லை, இருபது இருபத்தைந்து செல்தான் வந்திருக்கிறது. நாலு, ஐந்து, ஆறுக்கு வளர்ச்சிக் காரணி, நூற்று முப்பதுக்குக் குறையவில்லை. ஏழு, எட்டு, ஒன்பதுக்கு அதே காரணியோடு, அதன் பேச்சைச் செல்லின் காதில் விழாமல் அடைக்கிற எங்கள் மருந்தும். மருந்து வேலை செய்தால் இந்த ஏழாம் சவ்வில் நான் இருபதோ இருபத்தைந்தோ எண்ணிவிட்டு எழுந்து போயிருக்க வேண்டும். நூற்றுப் பதினேழு. நோட்டில் எழுதினேன், எழுதிவிட்டுப் பேனாவை மூடினேன், மணி பன்னிரண்டேகால்.

எட்டை நேற்றே பார்த்தாயிற்று. அதுதான் வினை. சாயம் காய்ந்ததும் என் பிஎச்.டி. கைடு மோகனவேலு சார் பின்னால் வந்து நின்று, "மருந்து போட்டதுல ஏதாவது ஒண்ணு காட்டும்மா இசை" என்றார். என் பெயர் இசக்கியம்மாள். கான்ஃபரன்ஸில் சொல்ல நன்றாயில்லை என்று ஆறு வருஷத்துக்கு முன்னாடி அவரே வெட்டிச் சின்னதாக்கிவிட்டார். கைக்கு வந்ததை எடுத்து வைத்தேன், அது எட்டு. வெறிச்சோடிக் கிடந்தது. துளைகள் மட்டும், வரிசை இல்லாமல், ஊசியால் குத்தின மாதிரி. ஒரு செல் இல்லை. சார் குனிந்து பார்த்தார், நகர்த்திப் பார்த்தார், எழுந்து என் முதுகில் தட்டினார், அந்தக் கை கொஞ்சம் அதிக நேரம் அங்கேயே இருந்தது, இன்றைக்கு மூணு மணிக்குக் கமிட்டி முன்னால் இதைத்தான் முதல் படமாகப் போடப் போகிறேன் என்றார். போடட்டும், அவர் எதைப் போட்டால் எனக்கென்ன என்று இருந்திருக்கலாம். நான் என்ன செய்தேன்? சார் போனதும் ஃபோனை எடுத்துக் கண்வில்லையில் வைத்துப் படம் பிடித்தேன். அதை வீட்டு வாட்ஸ்அப்பில் போட்டேன். "மருந்து போட்டதும் ஒண்ணுகூட வரல" என்று கீழே எழுதினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். ஆறு வருஷத்தில் வீட்டுக்குக் காட்ட எனக்கு ஒன்றும் இருந்ததில்லை, அத்தை மகளுக்கு ரெண்டாவது பிள்ளை பிறந்தாயிற்று, எனக்கு ஒரு வெள்ளைப் படம் கிடைத்தது, காட்டிவிட்டேன். அப்பா அதைப் பார்த்திருக்கிறார். காலையில் அம்மா அழைத்தாள். "ஏளா, ஒங்கப்பா ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேங்காரு. மக மருந்து கண்டுபிடிச்சிட்டா, ஆபரேசன் எதுக்குங்காரு. ஃபோன நெஞ்சுலயே வச்சிக்கிட்டுப் படுத்திருக்காரு. இன்னிக்கு ரெண்டு மணிக்குள்ள வார்டுல சேரலன்னா அடுத்து மூணு வாரம் கழிச்சித்தான்னு நர்சம்மா சொல்லுது. நீ என்ன சொல்லுத?" நான் என்ன சொன்னேன்? எண்ணிட்டுச் சொல்லுதேம்மா என்றேன். எண்ணிவிட்டுச் சொல்கிறேனாம். புராஸ்டேட்டில் தொடங்கினது அவருடைய முதுகெலும்புக்கு வந்தாயிற்று. டாக்டர் ஸ்கேனில் ஓர் இடத்தைப் பேனாவால் தொட்டு, இதுக்கு மேல தள்ளிப்போடாதீங்க, கால்ல பலம் போயிடுச்சின்னா திரும்பாது என்றார். அப்பாவுக்கு இப்போதே இடது காலில் செருப்பு கழன்று விழுந்தால் தெரிவதில்லை.

ஆபரேஷன் என்றால் பெரிய ஆபரேஷன் இல்லை. அரை மணி நேரம். விதை இரண்டையும் எடுத்துவிடுவார்கள். அதிலிருந்து ஊறுகிற ஹார்மோன்தான் இப்போதைக்கு அந்த நோய்க்குத் தீனி, தீனியை நிறுத்தினால் ஒடுங்கும். இதை மகள் அப்பாவிடம் எப்படிச் சொல்வது? நான் சொன்னேன். போன மாதம், வீட்டில், அவர் கட்டிலில், நான் நாற்காலியில், ரெண்டு பேரும் ஓடாத டிவியைப் பார்த்துக்கொண்டு. விதை என்ற சொல் எனக்கு வாயில் வரவில்லை, அந்தச் சுரப்பி, அந்த இடம் என்று இழுத்தேன். அவர்தான் பட்டென்று முடித்தார். "காயடிக்கச் சொல்லுதாங்க. அதான?" எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அப்பாவின் வேட்டிக்குள் இருப்பதைப் பற்றி நான் நினைத்ததில்லை, எந்த மகள் நினைப்பாள், அன்றைக்கு நினைக்க வேண்டியதாயிற்று, அன்றிலிருந்து அவர் பக்கத்தில் உட்காரும்போதெல்லாம் மூத்திர வாடை வருகிறதா என்று என் மூக்கு தானாகத் தேடுகிறது, அந்த மூக்கை அறுத்துப் போடலாம் போலிருக்கிறது. அவருக்கு அந்தச் சொல் தெரியாதா என்ன. மாட்டாஸ்பத்திரியில் முப்பத்திரண்டு வருஷம் உதவியாளர். காயடிக்கிற வேலைக்கு டாக்டர் வரவே மாட்டார், அப்பாதான். பெரிய இரும்பு இடுக்கி ஒன்று, கறுத்துப்போய், எங்கள் வீட்டு ஆணியில் அரிவாள்மணைக்குப் பக்கத்தில் தொங்கும். காளைக்கன்றை நாலு பேர் சாய்த்துப் பிடிப்பார்கள், அப்பா குந்தி உட்கார்ந்து தடவிப் பார்ப்பார், இடுக்கியை வைப்பார், கட்டைவிரல் எலும்பு முறிகிற மாதிரி ஒரு சத்தம் வரும். ஏழு வயசில் நான் அதைப் பார்த்தேன். மாட்டுக்காரர் முகம் சுருங்கி, "வலிக்குமாண்ணே?" என்று கேட்பார். எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள். அப்பா தலை நிமிராமல், "ஒரு நிமிசந்தான்" என்பார். எல்லோருக்கும் அதே பதில். ஆனால் அந்தக் கன்று அன்று சாயங்காலம் வரைக்கும் பின்னங்காலை அகட்டி வைத்துக்கொண்டு அதே இடத்தில் நின்றது, தவிட்டுத் தண்ணி வைத்தும் குனியவில்லை, கண்ணோரத்தில் ஈரமாக ஒரு கோடு, அதில் ஈ. நான் பார்த்ததை அவரும் பார்த்திருப்பார். ஆயிரம் கன்றாவது இருக்கும்.

சரி, ஒன்பதை வைப்போம். எட்டை விட்டுவிட்டா ஒன்பதுக்குப் போவது? போவேன், யார் கேட்பது. மேல் இடது மூலையிலிருந்து, ஒன்று, இரண்டு, மூன்று, இங்கே ஒரு கூட்டம், பதினொன்று. இதுவும் நிறையத்தான் இருக்கிறது, எண்ணவே வேண்டாம், பார்த்தாலே தெரிகிறது. முப்பத்து நாலு. இவற்றை அழைத்த வளர்ச்சிக் காரணி ஒன்றும் விஷமில்லை. அது எச்சிலில் இருக்கிறது. புண் ஆற வைப்பது அதன் வேலை, தோல் கிழிந்தால் பக்கத்துச் செல்லைக் கூப்பிட்டு, வா, நகர், மூடு என்று சொல்வது. பசு கன்றை நக்கிக்கொண்டே இருக்கிறதே, அதில் பாதி இதுதான். நல்லதுக்கென்று இருக்கிற சொல் ஒன்று, அதை இந்த நாய்கள் ஒட்டுக்கேட்டுக்கொண்டு, ஆறுவதற்குப் புண்ணே இல்லாத இடத்தில் எலும்புக்குள் நுழைகின்றன. நாற்பத்தொன்பது. என்னுடைய இந்த செல்கள் யாரோ ஒரு ஆளின் முதுகெலும்பிலிருந்து எடுத்தவை, அவர் செத்து நான் பிறப்பதற்கு முன்பே புதைத்திருப்பார்கள், அவரைக் கொன்றது மட்டும் சாகாமல் ஊர் ஊராகப் போய் ஃப்ரீஸரில் குடியிருக்கிறது, வாரத்துக்கு ரெண்டு நாள் நான் அதற்குச் சாப்பாடு ஊட்டுகிறேன். சாப்பாட்டில் கலக்கிற சீரம், சினைப்பசுவை வெட்டும்போது வயிற்றுக்குள் கிடைக்கிற கன்றின் ரத்தத்திலிருந்து எடுப்பது. இதை அப்பாவிடம் சொன்னதில்லை. என்னளா வேல பாக்க என்று கேட்டால் லேப்ல வேலப்பா என்பேன். அறுபத்தாறு. இன்னொன்றையும் சொன்னதில்லை. இந்த செல்களுக்கு அந்த ஹார்மோன் வேண்டவே வேண்டாம், அதையெல்லாம் தாண்டி வந்த கழிசடை. அப்பாவுடைய நோய்க்கு இன்னும் அது வேண்டும். அதாவது, எட்டாம் சவ்வு நிஜமாகவே வெறுமையாக இருந்தாலும், எங்கள் மருந்து நாளைக்கே தங்கமாக வேலை செய்தாலும், அதற்கும் கட்டிலில் படுத்திருக்கிற என் அப்பா சங்கரபாண்டிக்கும் இன்றைய தேதியில் ஒரு சம்பந்தமும் இல்லை. நேற்று படம் அனுப்பும்போதே எனக்கு இது தெரியும். தெரிந்துதான் அனுப்பினேன். எண்பது. எங்கே விட்டேன், எண்பதா எழுபத்தொன்பதா, கவுண்ட்டர் எண்பது என்கிறது.

கதவு திறந்ததும் வாடையிலேயே தெரிந்துவிட்டது, சார் சாப்பிட்டுவிட்டு வருகிறார், பூண்டு ரசம். எங்கள் நோட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். படித்தார். பிறகு, நான் சவ்வு துடைக்கிற அந்தப் பட்ஸ் பாக்கெட்டில் விரலை விட்டு ஒன்றை உருவினார், உருவிக் காதில் விட்டார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு சுகமாகக் குடைந்தபடியே, "ஏழு ஏன் இப்படி வந்துருக்கு?" என்றார். தெரியலை சார் என்றேன். பட்ஸை வெளியே எடுத்து நுனியைப் பார்த்தார், மஞ்சளாக இருந்திருக்க வேண்டும், நான் பார்க்கவில்லை, பார்த்தேன், மஞ்சள்தான். "ஜெல் சரியா பரவலைன்னா இப்படித்தான் வரும். ஏழை விட்டுடு. ஒன்பதும் அப்படியா?" எண்ணிக்கிட்டிருக்கேன் சார். "அதும் அப்படின்னா அதையும் விட்டுடு. எட்டுதான் சுத்தமா இருக்கு. இன்னும் ரெண்டு தடவை செஞ்சா எட்டு மாதிரியே வரும், எனக்குத் தெரியும், அப்புறமா சேர்த்துக்கலாம்." ஹசீனா தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள். "சார், எட்டுல மேல்பக்கம் ஒருதடவை ஃபோகஸ் பண்ணிப் பாத்துடறேன்" என்றேன். நானா சொன்னேன்? வாய் சொல்லிவிட்டது. அவர் பட்ஸை மேசை மேல் வைத்தார், என் நோட்டுக்கு நாலு விரல் தள்ளி. "அதெல்லாம் இப்ப எதுக்கும்மா? நேத்து ரெண்டு பேருமாத்தானே பார்த்தோம். மூணு மணிக்கு எல்லாரும் வந்துடுவாங்க. நீ இந்த ஆறு வருஷப் படிப்பை முடிக்கணுமா வேண்டாமா?" குரலில் கோபமே இல்லை, சாப்பிட்டாயா என்று கேட்கிற குரல். போகும்போது மறுபடியும் முதுகில் தட்டினார். அந்த இடத்தில் சட்டையைக் கழற்றி எறியலாம் போல இருந்தது. அவருக்கும் தெரிந்திருக்கிறது. தெரியாதவன் வேண்டாம் என்று சொல்லமாட்டான்.

ஒன்பதாம் சவ்வு, நூற்றுப் பன்னிரண்டு. எழுதினேன். மணி ஒன்று ஐந்து. இனி எட்டு. மேடையில் வைத்தாயிற்று, கிளிப் மாட்டியாயிற்று. நேற்றுப் பார்த்த அதே வெறுமை, அதே துளைகள். ஆனால் அது முழு வெறுமை இல்லை, ஒரு மூட்டம் இருக்கிறது, துணி துவைத்த தண்ணி மாதிரி லேசான ஊதா. நேற்றும் இருந்தது. ஜெல்லில் சாயம் பிடித்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டேன், அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். நுண்திருகைக் கால் சுற்று திருப்பினால் போதும், பார்வை அடிப்பக்கத்திலிருந்து மேல்பக்கத்துக்கு ஏறிவிடும். அங்கேயும் வெறுமையாக இருந்தால் நான் ஒழுங்காகத் துடைத்திருக்கிறேன், மருந்து இந்த ஒன்றிலாவது ஏதோ செய்திருக்கிறது. அங்கே செல்கள் இருந்தால் நான் துடைத்தது தப்பான பக்கம். துடைக்க வேண்டியதை விட்டுவிட்டு, வந்து சேர்ந்ததையெல்லாம் வழித்தெறிந்திருக்கிறேன். முந்தாநாள் துடைக்கும்போது அப்பா ஃபோனில். ஃபோன் தோளுக்கும் காதுக்கும் நடுவில், இடது கையில் கிண்ணம், வலது கையில் பட்ஸ். "ஏளா, நீ அங்கனயே கெடக்கியே, ஒங்க லேப்புல இதுக்கு ஒண்ணும் இல்லயா?" என்று கேட்டார். அப்பா என்னிடம் எதையும் கேட்டதில்லை. காலேஜில் சேரும்போதுகூட, ஒனக்கு எது தோணுதோ படி என்று சொல்லிவிட்டுத் தொழுவுக்குப் போனவர். அந்தக் குரலை என்னால் கேட்க முடியவில்லை, பிச்சை கேட்கிற குரல், எனக்கு அவர் மேல் அருவருப்பு வந்தது, ஆமாம், வந்தது, எப்படா ஃபோனை வைப்பார் என்றிருந்தது, "இருக்குப்பா, பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம்" என்றேன். சொல்லும்போது கிண்ணத்தைக் கவிழ்த்துத் தண்ணி உதறினேன். கவிழ்த்தது ஞாபகம் இருக்கிறது. நிமிர்த்தினது ஞாபகம் இல்லை. கவிழ்ந்த வாக்கிலேயே என் கண்ணுக்குத் தெரிந்த பக்கத்தைத் துடைத்தேனா? மூன்று சுற்று, நாலாவது தடவை ஓரம். பட்ஸ் நுனி ஈரமாக வந்தது. எந்தப் பக்கத்து ஈரம்? திருப்பாமல் இப்படியே எடுத்து டப்பாவில் போட்டுவிடலாம். சார் பூஜ்யம் என்று போட்டுக்கொள்வார், எனக்குப் பட்டம், அப்பாவுக்கு மூணு வாரம் நிம்மதி. மூணு வாரத்தில் கால் போகும் என்று எழுதியா வைத்திருக்கிறது, போகாமலும் இருக்கலாம். இந்த நினைப்பு எனக்கு வந்தது. வந்ததோடு இல்லை, கொஞ்ச நேரம் அதில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன், ஒன்று ஐந்திலிருந்து ஒன்று பதினொன்று வரைக்கும். பிறகு திருகைத் திருப்பினேன். துளைகள் கலங்கி மறைந்தன, மூட்டம் கெட்டியானது, அதற்குள்ளிருந்து கூட்டம் கூட்டமாக, மிதித்துக்கொண்டு, ஒன்றின் மேல் ஒன்று ஏறி, எண்ண முடியாத அளவுக்கு ஊதாவாக, எல்லாம் மேலே இருந்தன.

நோட்டில் எட்டுக்கு நேராக, தப்பான பக்கம் துடைத்தது, கணக்கில் சேராது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன், இசக்கியம்மாள் என்று முழுசாக. ஹசீனாவைக் கூப்பிட்டுத் திருகை மேலும் கீழும் திருப்பிக் காட்டினேன், அவளையும் கையெழுத்துப் போடச் சொன்னேன். "அய்யோ அக்கா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போட்டாள். அந்தக் காதுப் பட்ஸை இடுக்கியால் தூக்கிக் குப்பையில் போட்டேன். படிக்கட்டுப் பக்கம் போய் ஃபோன் அடித்தேன், ரெண்டாவது மணியிலேயே அப்பா எடுத்தார், ஃபோன் நெஞ்சில்தான் இருந்திருக்கிறது. "சொல்லும்மா. எண்ணி முடிச்சிட்டியா?" முடிச்சிட்டேம்பா. "ஒண்ணுகூட வரலல்லா?" குரலில் அவ்வளவு சந்தோஷம். "வந்துருக்குப்பா. எல்லாம் வந்துருக்கு. மருந்து ஒண்ணும் செய்யல." அந்தப் பக்கம் கட்டில் கிரீச்சிட்டது, எழுந்து உட்கார்ந்திருப்பார். "அப்பம் நீ அனுப்பின படம்? அதுல வெள்ளையால்லா இருந்துது." அது நான் துடைச்சதுப்பா என்றேன். தப்பான பக்கம் துடைச்சிட்டேன், நோய எண்ணாம அழிச்சிட்டேன், பாக்காம ஒங்களுக்கு அனுப்பிட்டேன். இன்னொன்றையும் சொன்னேன், சொல்லாவிட்டால் அவர் அடுத்த படத்துக்குக் காத்திருப்பார். "நல்லபடியா வந்திருந்தாலும் அது ஒங்களுக்கு ஆகாதுப்பா. இங்க இருக்கது வேற. ஒங்களுக்கு அந்த ஆபரேசன்தான். ரெண்டு மணிக்குள்ள போயிருங்க, ஆட்டோ வரச் சொல்லுங்க. நான் ராத்திரி வண்டிக்கு ஏறிருதேன்."  திட்டுவார் என்று நினைத்தேன், திட்டினால் நன்றாயிருக்கும். இருமினார், பிறகு, அம்மாவுக்குக் கேட்கக் கூடாதென்றோ என்னவோ, ஃபோனை வாயோடு ஒட்டி வைத்துக்கொண்டு ரொம்ப மெதுவாகக் கேட்டார்.

"வலிக்குமாளா?"

"ஒரு நிமிசந்தான்ப்பா" என்றேன்.

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. அவர் காதிலும் விழுந்திருக்கும்.  பிறகு ஃபோனை எங்கேயோ வைத்துவிட்டு, துவைத்த வேட்டி எங்கே இருக்கிறது என்று அம்மாவிடம் கேட்டார்.